பத்தில் ஒன்பதைக் கொடுத்த மெக்கானிக்



கொடை என்று சொன்னதும் நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? கர்ணன் வருவான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி வருவான். இவர்களெல்லாம் அரசர்கள். கஜானா இருந்தது, கொடுத்தார்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். கையில் கிரீஸும் கரியுமாக, மெஷினுக்கு அடியில் படுத்துக் கிடந்த ஒரு மெக்கானிக் கொடுத்தால்? அதுவும் பத்தில் ஒரு பங்கு இல்லை, பத்தில் ஒன்பது பங்கு கொடுத்தால்? அப்போது தப்பிக்க வழியே இல்லை, இல்லையா?

அவர் பெயர் ராபர்ட் கில்மர் லெட்டூர்னோ. கூட வேலை பார்த்தவர்களுக்கு வெறும் ஆர்.ஜி. சிவில் படிக்கும் நண்பர்கள் ஸ்கிரேப்பர், புல்டோசர் என்று படித்திருப்பீர்கள். அந்த இயந்திரங்கள் இன்றைக்கு இருக்கிற உருவத்துக்கு வந்ததில் பெரும்பங்கு இவருடையது. சுமார் 300 காப்புரிமைகள் இவர் பெயரில் உண்டு. இத்தனைக்கும் இவர் எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தையே முழுசா முடிக்கவில்லை!

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரிச்ஃபோர்டு என்ற ஊரில் 1888 நவம்பர் 30-ல் பிறந்தார். பக்தியான கிறிஸ்தவக் குடும்பம், நிறையப் பிள்ளைகள். குடும்பம் முதலில் டுலூத்துக்கும், பிறகு மேற்குக் கரையில் உள்ள போர்ட்லாண்டுக்கும் குடிபெயர்ந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. முரட்டுப் பிடிவாதம் வேறு. 14 வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, போர்ட்லாண்டில் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். நம்ம ஃபவுண்டரி ஷாப்பில் ஒரு மணி நேரம் மணல் சலித்து மோல்டு போடுவதற்குள் நமக்கு முதுகு ஒடிந்துபோகிறது. அந்தப் பையனுக்கு அதுதான் முழுநாள் வேலை.

16 வயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அவருக்குள் ஏதோ நடந்தது. சிறுவயதிலிருந்து வீட்டில் கேட்டுப் புளித்துப்போன விசுவாசம், அன்றைக்கு அவருடைய சொந்த விசுவாசமாக ஆனது. அதற்காக அடுத்த நாளே பையன் தேவதூதன் ஆகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். அதே முரட்டு ஆசாமிதான். ஒரு வேலையில் நிலைக்காமல் சுற்றினார். சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மின் நிலையத்தில் வேலை செய்து வெல்டிங் கற்றார், மின்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டார். 1909-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் ஊருக்கு வந்தார். விறகு வெட்டினார், வயலில் கூலி வேலை பார்த்தார், சுரங்கத்தில் இறங்கினார், தச்சருக்கு எடுபிடியாக நின்றார். நடுவே அஞ்சல் வழியில் மோட்டார் மெக்கானிசம் படித்தார். 1911-ல் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்து, போகப் போக அதில் பாதிப் பங்குக்குச் சொந்தக்காரரும் ஆனார்.

அடி மேல் அடி

கார் பந்தயத்தில் ஒருமுறை கழுத்து எலும்பு முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிசு. அந்தக் காயம் ஆயுசுக்கும் இருந்தது. அதனால்தான் முதல் உலகப் போரில் ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மேர் ஐலண்டு கடற்படைக் கப்பல் தளத்தில் பராமரிப்பு வேலைக்குப் போனார். மின் இயந்திரப் பயிற்சியும் நல்ல வெல்டிங்கும் அங்கே கைவந்தன.

1917-ல் எவலின் பீட்டர்சன் என்ற பெண்ணை, வீட்டாரின் சம்மதம் இல்லாமலே அழைத்துக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு அப்போது 20 வயதுகூட ஆகவில்லை. இந்த எவலின் அம்மையாரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பாதி அவருடையது.

அவர்களுடைய முதல் குழந்தை கேலப். உலகத்தையே உலுக்கிய இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் 1919-ல் அந்தப் பச்சைக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது. போர் முடிந்து ஸ்டாக்டன் திரும்பினால், கராஜ் திவால் நிலையில் கிடக்கிறது. கையில் குழந்தை இல்லை, தொழில் இல்லை. தலைமேல் கடன் மட்டும் இருந்தது. கைகழுவிவிட்டு வேறு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தன் பங்குக் கடனைத் தானே அடைப்பது என்று முடிவு செய்தார்.

அந்த நாட்களில்தான் ஆர்.ஜி. தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறோம், சரி. மற்ற ஆறு நாளும் யாருக்காக ஓடுகிறோம்? கடவுளுக்கு முதலிடம் என்று வாயால் சொல்லிவிட்டு, மிச்சம் மீதியைத்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்? குழந்தையின் மரணம் தனக்குக் கிடைத்த தண்டனை என்று அவர் புலம்பவில்லை. ஆனால், அந்தத் துக்கம் அவர் வாழ்க்கையின் கணக்கைத் திரும்பப் போட வைத்தது.

மெக்கானிக்கும் ஊழியக்காரனா?

அவருடைய உடன்பிறந்த சகோதரி சீனாவுக்கு மிஷனெரியாகப் போனவர். கடவுளுக்காக நீ என்ன செய்கிறாய் என்று அவர் கேட்ட கேள்வி ஆர்.ஜி.யைக் குத்தியது. முழுசா ஒப்புக்கொடுப்பது என்றால் பட்டறையை மூடிவிட்டுப் போதகராகவோ மிஷனெரியாகவோ போக வேண்டும் என்றுதான் அவரும் நினைத்தார். நம்மில் பலரும் அப்படித்தானே நினைக்கிறோம்? பக்தி என்றால் கோயில் வாசலோடு சரி. லேத்தும் வெல்டிங் டார்ச்சும் வயிற்றுப் பாட்டுக்கு.

தன் போதகரிடம் போனார். இருவரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். எழுந்ததும் போதகர் சொன்ன பதில் ஆர்.ஜி. எதிர்பார்க்காதது. கடவுளுக்குத் தொழில் செய்கிறவர்களும் தேவைதான் என்றார் அவர். அவ்வளவுதான்! அன்றிலிருந்து கடைசி வரை, தன் தொழிலில் கடவுளே பங்காளி என்று நம்பி வாழ்ந்தார் மனிதர். பங்காளி என்றால் பெயருக்கு இல்லை, கணக்கில் பங்கு உண்டு.

இதற்கிடையே கடனை அடைக்க ஒரு டிராக்டரைப் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. டிராக்டரின் சொந்தக்காரர், அதே வண்டியை ஓட்டி 40 ஏக்கர் நிலத்தைச் சமப்படுத்தித் தரச் சொன்னார். மேடான இடத்தில் மண்ணைச் சுரண்டிப் பள்ளத்தில் நிரப்பும் வேலை. அது ஆர்.ஜி.க்குப் பிடித்துப்போனது. 1920 ஜனவரியில் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, வாடகை ஸ்கிரேப்பரை மாட்டிக்கொண்டு கான்ட்ராக்டர் ஆனார். 1921-ல் ஸ்டாக்டனில் கொஞ்சம் இடம் வாங்கிப் பட்டறை போட்டார். இருக்கிற ஸ்கிரேப்பர் அவருக்குச் சரிப்படவில்லை. தானே செய்ய ஆரம்பித்தார்.

மண்ணைப் பெயர்த்த மூளை

இங்கே நம்ம சப்ஜெக்ட் கொஞ்சம். அந்தக் காலத்தில் கனமான இயந்திரம் என்றால் ரிவெட் அடித்துத்தான் இணைப்பார்கள். ஆர்.ஜி. வெல்டிங்கை நம்பினார். எடை குறைந்தது, உறுதி கூடியது. மற்றவர்கள் இரும்புச் சக்கரத்தையும் சங்கிலிப் பட்டையையும் கட்டிக்கொண்டு அழுதபோது, 1932-ல் மண் அள்ளும் இயந்திரத்துக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைப் போட்டார். 1938-ல் வந்த டூர்னாபுல் என்ற இழுவண்டி, டிராக்டரும் ஸ்கிரேப்பரும் ஒரே உடம்பாகச் சேர்ந்து ஓடும் வண்டி. மண்ணைச் சுரண்டும், வயிற்றில் போட்டுக்கொள்ளும், வேகமாக ஓடிப்போய்க் கொட்டும்.

பிற்காலத்தில் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மின் மோட்டாரை வைத்தார். டீசல் இன்ஜின் ஜெனரேட்டரை ஓட்டும், மின்சாரம் கம்பி வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும். கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, நீண்ட ஷாஃப்ட் இல்லை. எலெக்ட்ரிக்கல் நண்பர்களும் மெக்கானிக்கல் நண்பர்களும் இதில் யாருக்குப் பெருமை என்று சண்டை போட்டுக்கொள்ளலாம்!

இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் படைகள் பயன்படுத்திய மண் வேலை இயந்திரங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் இவருடைய தொழிற்சாலைகளில் செய்தவை. 1942-ல் போடப்பட்ட, சுமார் 1,500 மைல் நீளமுள்ள அலாஸ்கா நெடுஞ்சாலையிலும் இவருடைய வண்டிகள்தான் பெரும்பாலான வேலையைச் செய்தன.

டிராயிங்கா, வாக்குக் கொடுத்த கூட்டமா?

அவரே தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு சம்பவம். மறுநாள் காலை ஆட்கள் வேலைக்கு வருவதற்குள் ஒரு இயந்திரப் பாகத்துக்கு டிராயிங் தயாராக வேண்டும். அதே இரவு, ஏழை எளியவர்கள் வரும் ஒரு நற்செய்திக் கூட்டத்துக்கு வருவதாக வாலிபர்களிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். போனால் வேலை நிற்கும், சும்மா நிற்கிற ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். போகாவிட்டால் வாக்குத் தவறும்.

நாமா இருந்தா என்ன செய்வோம்? உடம்பு சரியில்லை என்று ஆள் அனுப்பியிருப்போம். ஆர்.ஜி. கூட்டத்துக்குப் போனார். இரவு பத்து மணிவாக்கில் திரும்பி வந்து டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்தபோது மூளை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால், கொஞ்ச நேரத்திலேயே முழு அமைப்பும் கண்முன் தெரிந்தது என்கிறார். அதைக் கடவுளின் செயல் என்று அவர் நம்பினார். ஓய்வெடுத்த மூளையின் வேலை என்று வேறொருவர் சொல்லலாம். எப்படி வைத்துக்கொண்டாலும் ஒன்று நிச்சயம்: டிராயிங் வராமல் போயிருந்தாலும், வாக்கைக் காப்பாற்றியது காப்பாற்றியதுதான்.

தள்ளிப்போட்ட காணிக்கை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஆர்.ஜி. எப்போதும் கை தாராளமாக இருந்தவர் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் ஒரு வருஷம் நல்ல லாபம், சுமார் 35,000 டாலர். கடவுளின் பங்கை எடுத்து வைக்க வேண்டிய நேரம். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தப் பங்கையும் சேர்த்துத் தொழிலில் போட்டால் அடுத்த வருஷம் லாபம் பெருகும், அப்போது பெரிய தொகையாகக் கொடுத்துவிடலாமே! கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வேலை கிடைச்சதும் அம்மாவுக்குப் பணம் அனுப்புறேன், சம்பளம் உயர்ந்ததும் தங்கச்சிக்குச் செய்யுறேன் என்று நாம் போடுகிற கணக்கும் இதுதானே.

அடுத்த வருஷம் வந்தது. நெவாடாவில் ஹூவர் அணைக்குப் போகும் நெடுஞ்சாலை வேலை. எதிர்பார்த்ததைவிடக் கடினமான பாறை. லாபம் வரும் என்று நினைத்த இடத்தில் சுமார் ஒரு லட்சம் டாலர் நஷ்டம்! அமெரிக்கா முழுவதும் பொருளாதார மந்தம். கம்பெனி மூழ்கும் நிலை.

இந்தக் கட்டத்தில்தான் அவர் மறக்க முடியாத காரியம் ஒன்றைச் செய்தார். சபையின் மிஷனெரி ஊழியத்துக்கு 5,000 டாலர் தருவதாக வாக்குக் கொடுத்தார். லாபம் வந்த வருஷத்தில் கொடுக்காதவர், கழுத்து வரை கடனில் நிற்கும்போது கொடுக்கிறேன் என்கிறார்! கம்பெனிக் கணக்கு வழக்கைப் பார்த்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆர்.ஜி. பின்வாங்கவில்லை. வாக்கை நிறைவேற்றினார். கம்பெனியும் கரையேறியது. 1933-ல் கான்ட்ராக்ட் வேலையை விட்டுவிட்டு இயந்திரம் செய்வதில் முழுமூச்சாக இறங்கினார்.

இதைப் படித்துவிட்டு, கொடுத்தால் திரும்பி வரும் என்று ஒரு ஃபார்முலா எழுதிவிடாதீர்கள். லாபத்துக்காகக் கொடுத்தால் அதற்குப் பெயர் வியாபாரம், காணிக்கை இல்லை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். கொடுத்தும் நொடிந்துபோன நல்லவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். நஷ்டம் வந்தபோது ஆர்.ஜி. கற்றுக்கொண்ட பாடமே வேறு. மிச்சம் வந்ததும் கொடுப்போம் என்றால் மிச்சம் ஒருநாளும் வராது.

கணக்கைத் திருப்பிப் போட்டவர்கள்

கிறிஸ்தவர்களுக்குத் தசமபாகம் என்று ஒரு வழக்கம் உண்டு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கடவுளுக்கு. ஆர்.ஜி.யும் எவலினும் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். பத்தில் ஒன்று நமக்கு, ஒன்பது கடவுளின் வேலைக்கு! 1935-ல் ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தி, கம்பெனிப் பங்குகளில் சுமார் 90 சதவீதத்தை அதற்கு எழுதிவைத்தார்கள். தங்கள் வருமானத்திலும் 90 சதவீதத்தைக் கொடுத்து வாழ்ந்தார்கள். மிஷனெரிகளுக்கும், கல்விக்கும், ஏழைகள் நடுவே செய்யும் ஊழியங்களுக்கும் அந்தப் பணம் போனது.

இருவருக்கும் இதில் ஒரே மனசு. தம் பணத்தில் கடவுளுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று அவர்கள் யோசிக்கவில்லை. எல்லாம் அவருடையது என்று வைத்துக்கொண்டால், நமக்கென்று எவ்வளவு எடுத்துக்கொள்வது நியாயம் என்பதே அவர்கள் கணக்கு. இதில் மனைவிக்குச் சம்மதம் இல்லாவிட்டால் எந்த மனிதராலும் இப்படி வாழ முடியுமா? பட்டறை ஆரம்பித்த காலத்தில் வறுமையைச் சுமந்ததும், வசதி வந்த காலத்தில் அதைக் கைவிடத் தயாராக இருந்ததும் எவலின் அம்மையார்தான்.

வார நாட்களில் தொழிற்சாலை. வாரக் கடைசியில் விமானம் ஏறி ஊர் ஊராகப் போய் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார். அங்கே போய் நிற்கும்போதும் தன்னைப் பெரிய முதலாளி என்று சொல்லிக்கொண்டதில்லை. கடவுள் ஆசீர்வதித்த ஒரு மெக்கானிக் என்றுதான் அறிமுகம்.

ஒரு டாலர் கல்லூரி

போர் முடிந்த சமயம். டெக்சாஸ் மாநிலத்தின் லாங்வியூ நகரத்தில் புதுத் தொழிற்சாலை கட்டத் திட்டம். அங்கே போர்க்கால ராணுவ மருத்துவமனை ஒன்று காலியாகக் கிடந்தது. 156 ஏக்கர், 200-க்கும் மேற்பட்ட கட்டடங்கள். அதைக் கல்விக்கூடமாக்கலாம் என்ற எண்ணம் எவலின் அம்மையாருடையது. அரசாங்கம் சில நிபந்தனைகளோடு ஒரு டாலருக்கு அதைக் கொடுத்தது. 1946-ல் லெட்டூர்னோ தொழில்நுட்பக் கல்விக்கூடம் பிறந்தது.

அங்கே சேர்ந்தவர்கள் யார் தெரியுமா? போரிலிருந்து திரும்பிய வாலிபர்கள். ஒரு நாள் வகுப்பு, மறுநாள் தொழிற்சாலையில் வேலை என்று மாறி மாறிப் படித்தார்கள். படிப்புக்குப் படிப்பும் ஆச்சு, செலவுக்குச் சம்பளமும் ஆச்சு. பள்ளியை விட்டு ஓடிவந்த பையன், மற்றவர்கள் படிக்க ஒரு கூடத்தைத் திறந்தது எவ்வளவு பெரிய விஷயம்! அது 1961-ல் கல்லூரியாகி, 1989-ல் பல்கலைக்கழகமாக உயர்ந்து, இன்றும் லாங்வியூவில் நடக்கிறது.

எல்லாம் வெற்றி இல்லை

ஆர்.ஜி.யைப் புகழ்ந்தே எழுதினால் அது அவருக்கே பிடிக்காது. 1950-களில் ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலும், தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக் காட்டிலும் பெரிய குடியேற்றத் திட்டங்களைத் தொடங்கினார். இயந்திரத்தைக் கொண்டுபோய்ச் சாலை போடுவது, நிலம் திருத்துவது, விவசாயம் செய்வது, கூடவே நற்செய்தி சொல்வது என்று திட்டம். ராட்சத மெஷின் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று நம்பினார். மழைக்காடு அவ்வளவு சுலபமாக வளைந்து கொடுக்கவில்லை. நினைத்த அளவுக்கு அவை வெற்றி பெறவில்லை, பணமும் நிறையக் கரைந்தது. காட்டை அழித்து நிலமாக்குவதை இன்றைக்கு நாம் அதே கண்ணோடு பார்க்கவும் மாட்டோம். போரால் பெருகிய தொழிலில் வந்த பணம்தானே என்ற கேள்வியையும் ஒருவர் எழுப்பலாம். நியாயமான கேள்விகள்தான். ஆனால், தன் சுகத்துக்காகத் தோற்றவர் இல்லை அவர். கொடுக்கப் போய்த் தோற்றவர்.

1953-ல் மண் வேலை இயந்திரப் பிரிவை 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றார். அப்போது வயது 64. ஓய்வெடுத்தாரா? இல்லை! கடலில் எண்ணெய் தோண்டும் மேடையில் கை வைத்தார். மூன்று கால்களைக் கடல் தரையில் ஊன்றி, மின் மோட்டாரும் பல்சக்கரமும் கொண்டு தன்னைத் தானே தூக்கிக்கொள்ளும் ஸ்கார்ப்பியன் என்ற மேடை 1956-ல் வேலைக்குப் போனது. அதை வாங்கிய கம்பெனியை நடத்தியவர், பின்னால் 1989-ல் அமெரிக்க ஜனாதிபதியான ஜார்ஜ் புஷ். 70 வயதில் மீண்டும் மண் வேலை இயந்திரங்களுக்குத் திரும்பினார் ஆர்.ஜி. 1969 ஜூன் 1-ல் லாங்வியூவில் காலமானார். எவலின் அம்மையார் 1987 வரை வாழ்ந்தார்.

நமக்கு என்ன?

நண்பர்களே, நாம் எல்லோரும் ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆர்.ஜி.யின் விசுவாசம் அவருடையது. ஆனாலும் அவர் விட்டுப்போன கேள்வி நம் எல்லோருக்கும் பொது. சாமி கும்பிடுகிற கையும் ஸ்பேனர் பிடிக்கிற கையும் ஒன்றா, இரண்டா?

டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துக்கொள்கிறோம். அவரிடம் அதுகூட இல்லை. கையில் காசில்லையே, நாம் எதைக் கொடுப்பது என்கிறோம். கடனில் நின்றவர் கொடுத்தார். பெரிய தொகைதான் கொடை என்று யார் சொன்னது? மெஸ்ஸுக்குப் பணம் கட்ட முடியாமல் டீயும் பன்னுமாக ஓட்டுகிற நண்பன் நம் அறையிலேயே இருப்பான். அவன் வாய் திறந்து கேட்க மாட்டான். டிராஃப்டர் வாங்க வசதியில்லாமல் டிராயிங் கிளாஸில் அடுத்தவன் முடிக்கிற வரை காத்திருக்கிற ஜூனியர் இருப்பான். படிப்பு முடித்துப் போகிறபோது நம் டிராஃப்டரையும் புத்தகங்களையும் அவனிடம் கொடுத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? அரியர்ஸ் வைத்துத் தவிக்கிறவனுக்கு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நயா பைசா செலவில்லை.

நாளைக்கு வேலைக்குப் போவோம். முதல் சம்பளம் கையில் வரும். அன்றைக்கு ஆயிரம் செலவு வரிசையில் நிற்கும். மிச்சம் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் 35,000 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் கொடுக்கிறேன் என்று சொன்ன மெக்கானிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு லட்சம் நஷ்டத்தில் நின்றுகொண்டு, இப்போதே கொடுக்கிறேன் என்று சொன்ன அதே மெக்கானிக்கையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியது முதல் கவரிலிருந்து. எவ்வளவு என்பது அவரவர் மனசுக்கு விட்டது.

வாழ்க வளமுடன்! வளர்க நம் பாலிடெக்னிக்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை